கரும்பாறைக்கு இந்தப் பக்கம்

திருத்தணியிலிருந்து ஆர்.கே.பேட்டைக்குப் போகும் வழியில் எல்லப்பனுக்கு ஒரு துண்டு நிலம் இருந்தது. மழை பெய்தால் வேர்க்கடலை, பெய்யாவிட்டால் வெறும் தரை. அறுபதுகளின் கடைசியில் வறட்சி தாங்காமல் கிணறு வெட்ட இறங்கினார். ஆளுயரம் மண் எடுத்ததும் கரும்பாறை தட்டியது. வெடி வைத்தார். கல் சிதறியதே தவிர ஈரம் கசியவில்லை. அடுத்த கோடையிலும் வைத்தார். மேற்கே, பக்கத்து நிலத்துக்காரர் ஜம்புலிங்கத்தின் கிணற்றில் மோட்டார் ஓடிக்கொண்டே இருந்தது. அந்தச் சத்தம் கேட்டாலே எல்லப்பனுக்குச் சோறு இறங்காது.

“அவன் நெல்லு நட்டுகினு கீறான். நான் இன்னா பாவம் பண்ணேன்?” என்று மனைவி கௌரியம்மாளிடம் எரிந்து விழுவார்.

ஒருமுறை நிலத்தடி நீர் பார்க்கும் அதிகாரி வந்தார். பாறையைச் சுத்தியலால் தட்டிவிட்டு, வரப்போரமாக வெகுதூரம் நடந்துபோய்த் திரும்பினார்.

“பூமிக்குள்ள இந்தக் கல்லு சுவர் மாதிரி ஓடுதுங்க. மேக்கால வர்ற தண்ணி இதுல முட்டி அந்தப் பக்கமே நின்னுடுது. நீங்க சுவர் மேலயே தோண்டியிருக்கீங்க.”

“இன்னும் ஆழம் போனா?”

“கல்லுதாங்க வரும்.”

எல்லப்பன் நம்பவில்லை. அதிகாரி போனதும் இன்னொரு வெடி வைத்தார். கல்தான் வந்தது.

எண்பதுகளின் தொடக்கத்தில் மெட்ராஸிலிருந்து கல் வியாபாரி ஒருவர் வந்தார். கிணற்றுக்கு வெளியே கிடந்த கல்லில் தண்ணீர் தெளித்துத் துடைத்தார். மை போலப் பளபளத்தது. “வெளிநாட்டுக்குப் போற சரக்கு!” என்றார். எல்லப்பன் அவரைக் கிணற்றுக்கு அழைத்துப்போனார். வியாபாரி கிணற்றுக்குள் இறங்கி, பாறையை விரலால் தடவிக்கொண்டே போனார்.

“எங்க பார்த்தாலும் விரிசல். வெடி வெச்சீங்களா?”

“ஆங்... தண்ணிக்கு வெச்சேன்.”

“பெரிய பாளமா வரணுங்க. இது ஜல்லிக்குத்தான் ஆவும்.”

அதே கல் வடக்கே போய், ஜம்புலிங்கத்தின் இன்னொரு மேட்டு நிலத்தில் தலை நீட்டியிருந்தது. அவர் கிணற்றில் தண்ணீர் இருந்ததால் அங்கே யாரும் வெடி வைக்கவில்லை. வியாபாரி அதைக் குத்தகைக்கு எடுத்தார்.

கௌரியம்மாள் நச்சரித்ததால் எல்லப்பன் அங்கே கல் உடைக்கப் போனார். முதல் நாளே மேஸ்திரி அதட்டினார்: “வெடி கிடின்னு பேசாதே. உளிதான்!” எல்லப்பன் சுத்தியலை வீசிவிட்டு வீட்டுக்கு வந்தார்.

“நாளைக்கு உலையில இன்னாத்த போடறது?” என்றாள் கௌரியம்மாள்.

மறுநாள் போனார். கிணற்றைத் தூர்க்கலாம் என்று அவள் சொன்னபோது மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை. ஜம்புலிங்கம் வழியில் பேச்சுக் கொடுத்தால், எல்லப்பன் கடைசிவரை பதில் சொன்னதும் இல்லை.