இடது சுவர் ஸ்பீக்கர்

பாம்புக்காதுக்காரர் என்றால், அந்த வட்டாரத்தில் ஹோம் தியேட்டர் வைத்திருக்கிற அத்தனை பேருக்கும் தெரியும். ஸ்பீக்கர்களை மாட்டி முடித்ததும் மற்றவர்கள் அளவெடுக்க மைக்கைத் தேடுவார்கள். இவரோ, வீட்டுக்காரர் உட்காரும் இடத்தில் உட்கார்ந்து, கண்ணை மூடிக்கொண்டு, "பின்னால வலது, ஒரு பொட்டு குறைங்க" என்பார். குறைத்தால் அச்சாகப் பொருந்தும். மைக்கெல்லாம் காது இல்லாதவனுக்கு என்று வாய் கிழியப் பேசியிருக்கிறார். பேசாமலாவது இருந்திருக்கலாம்.

மூன்று மாதமாக அவருக்கு இடது காதில் பஞ்சு அடைத்த மாதிரி. நரம்பு போய்விட்டது, இனி திரும்பாது என்று டாக்டர் கையை விரித்துவிட்டார். மனுஷன் யாரிடமும் மூச்சு விடவில்லை. கூடவே வேலை பார்க்கும் மனைவியிடம்கூட! ஏணி ஏறுவது, துளை போடுவது, ஒயர் இழுப்பது எல்லாம் அவள். காது மட்டும் இவர். அந்தக் காதும் போச்சு என்று வெளியே தெரிந்தால் யார் கூப்பிடுவார்கள்?

அன்று ஒரு வக்கீல் வீட்டில் வேலை. ஏற்கெனவே இரண்டு பேரைத் துரத்தியவர் அவர். உள்ளே நுழைந்ததுமே, பின்சுவரை ஒட்டிக் கிடந்த சோபாவை வைத்து வழக்கு ஆரம்பமானது.

"இத ரெண்டடி முன்னால இழுக்கணும் சார். அப்பதான் பக்கச் சுவர்ல மாட்டுற சரவுண்ட் ஸ்பீக்கர் ரெண்டும் காதுக்குக் கொஞ்சம் பின்னால வரும்."

"என் சோபா எங்க இருக்கணும்னு எனக்குத் தெரியும்."

"இழுக்கலேன்னா படத்துல பெய்யிற மழை உங்க பிடரியிலதான் சார் பெய்யும்."

வக்கீல் முறைத்தார். பிறகு அவரே ஒரு பக்கம் பிடித்து இழுத்தார்.

"ஒண்ணு சொல்லிடறேன். முடிச்சதும் நீங்க கண்ணை மூடிக்கணும், ரிமோட் என் கையில. எந்தப் பக்கம் ஏத்துறேன், எறக்குறேன்னு சொல்லணும். தப்பாச் சொன்னா எல்லாத்தையும் கழட்டிட்டுக் கிளம்பிடுங்க."

"பேஷா சார்," என்றார் இவர்.

வலது சுவர் வேலை முடிந்தது. இவர் சோபாவில் உட்கார்ந்து அந்த ஸ்பீக்கரை ஓடவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார். இடது சுவரில் மனைவி ஏணி மேல் நின்று, கைக்கு எட்டாத உயரத்தில் இன்னொன்றை மாட்டிக்கொண்டிருந்தாள்.

"என்னங்க, ஏணி நழுவுது! புடிங்க!"

இவர் கல்லுப்பிள்ளையார் மாதிரி உட்கார்ந்திருந்தார். வக்கீல்தான் பாய்ந்து ஏணியைப் பிடித்தார். துளை போடும் மிஷின் தரையில் விழுந்து தெறித்தது. அந்தச் சத்தத்துக்குத் திடுக்கிட்டு எழுந்தவர், வலது பக்கம் திரும்பி ஆளில்லாத சுவரைப் பார்த்தார். ஏணி மேலிருந்து அவள் அதைப் பார்த்துவிட்டாள்.

வக்கீல் தண்ணீர் எடுக்க உள்ளே போனார். அவள் நடுங்கும் காலோடு இறங்கி, அவருடைய இடப்பக்கம் வந்து ஏதோ சொன்னாள். பதில் இல்லை. சுற்றிக்கொண்டு வலப்பக்கம் வந்தாள்.

"எத்தனை நாளா?"

"எது?"

"நடிக்காதீங்க."

"மூணு மாசம்." அவர் தலையை நிமிர்த்தவில்லை.

அவளுக்கு அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தது. "போன மாசம் படுக்கையில சொன்னேனே, ஏணி ஏறினா காலு நடுங்குது, பயமா இருக்குன்னு. நீங்க 'ம்' கொட்டினீங்க. அவ்வளவுதான். நான் விழுந்தாலும் இந்த மனுஷனுக்கு ஒண்ணுதான்னு நினைச்சுக்கிட்டேன். அதுக்கப்புறம் வாயே தொறக்கல, ஏறிக்கிட்டே இருக்கேன்."

அவள் படுப்பது அவருக்கு இடப்பக்கம்.

"சத்தம் வந்துச்சு, வார்த்தை வரல," என்றார். "திரும்பக் கேட்டா கண்டுபிடிச்சிடுவியேன்னு 'ம்' போட்டேன்."

காது போன அன்றுகூட அவருக்கு இத்தனை வெட்கமாக இல்லை. குனிந்து மிஷினை எடுத்தார். ஏணியை நகர்த்திச் சரியாக ஊன்றி, தானே ஏறினார்.

வக்கீல் சொம்போடு வந்து நின்றார். "நீங்க ஏன் மேல? வந்து உட்காருங்க, கேட்கணும்ல."

"கேட்கப்போறது இவ சார். எனக்கு இடது காது போச்சு."

"பாம்புக்காதுன்னுதானே உங்களைக் கூப்பிட்டேன்?"

"அது பழைய கதை சார். இவ தப்பாச் சொன்னா கழட்டிட்டுக் கிளம்பிடறோம்."

அவள் விலுக்கென்று நிமிர்ந்து பார்த்தாள். அவர் கடைசித் திருகை முடுக்கிக்கொண்டிருந்தார். வேறு வழி? உட்கார்ந்து கண்ணை மூடினாள். வக்கீல் ரிமோட்டை எடுத்தார். ஸ்பீக்கர்களைச் சோதிக்கும் இரைச்சல் அறை முழுக்க நிறைந்தது.

"வலது ஏறுது." வக்கீல் ரிமோட்டை மறுபடி அழுத்தினார். "இப்ப இடது எறங்குது."

மூன்றாம் தடவை அவள் வெகுநேரம் பேசவில்லை. வக்கீல் கண்கொட்டாமல் அவள் முகத்தையே பார்த்தார்.

"இப்ப நீங்க எதையுமே தொடல சார்."

வக்கீல் தலையாட்டி, ரிமோட்டைக் கீழே வைத்தார்.

அவள் கண்ணைத் திறக்காமலே ஏதோ சொன்னாள், இடது ஸ்பீக்கரைத் திருப்புவது பற்றி. ஏணியிலிருந்தவர் வழக்கம்போல் 'ம்' என்று சொல்ல வாயெடுத்தார். நிறுத்திக்கொண்டார். தலையைத் திருப்பி, வலது காதை அவள் பக்கம் காட்டி, வக்கீலுக்கும் கேட்கும்படி உரக்கச் சொன்னார்:

"எனக்குக் கேக்கல. திரும்பச் சொல்லும்மா."