பிஸ்கட் டின்னில் இருந்த காது

தேயிலைத் தோட்டத்தில் எங்கள் லயத்து வீட்டில் விலை உயர்ந்த பொருள் ஒன்றுதான் இருந்தது. அது தங்கச்சியின் காது.

பிறவியிலேயே அவளுக்குக் காது கேட்காது. மூன்று வயதில் கொழும்பில் சத்திரசிகிச்சை செய்து தலைக்குள் ஒரு கருவி வைத்தார்கள். சத்தத்தைப் பிடித்து அதற்கு அனுப்பும் இன்னொரு கருவியைக் காதுக்குப் பின்னால் மாட்ட வேண்டும். மாட்டினால் கேட்கும், கழற்றினால் கேட்காது. டொக்டர் எத்தனையோ விஷயம் சொல்லி அனுப்பினார். வீடு வந்து சேர்ந்தது ஒன்றுதான்: தண்ணீர் படக்கூடாது.

எங்கள் மலையில் வெயில் எட்டிப் பார்ப்பதே பெரிய மனசு பண்ணித்தான். அம்மா கருவியைத் துணியில் சுற்றி, பிஸ்கட் டின்னில் போட்டு, சாமிப் படத்துக்குக் கீழே வைத்துவிட்டாள். கொழுந்து பறிக்கப் போகும்போது தங்கச்சியைத் தோட்டத்துப் பிள்ளைக்காம்பராவில் ஆயாவிடம் விடுவாள். அங்கே மற்றப் பிள்ளைகள் பிடித்து இழுத்துவிடும் என்று டின் வீட்டிலேயே இருக்கும். வெயிலடிக்கும் ஞாயிறு, கோயில் திருவிழா, கண்டி கிளினிக், இவற்றுக்கு மட்டும் காது வெளியே வரும். ஆயுதபூசைக்கு அப்பா தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்திக்குப் பக்கத்தில் அந்த டின்னையும் வைத்துப் பொட்டு வைத்தோம். எனக்குப் பெருமை தாங்கவில்லை. கை காட்டினால் தங்கச்சிக்கு எல்லாம் புரிந்தது. அதனால் யாரும் அவசரப்படவில்லை.

அவளுக்கு ஆறு வயதானபோது, கண்டி கிளினிக்கில் பேச்சுப் பயிற்சிக்கு ஒரு புது மிஸ் வந்திருந்தார். பின்னால் நின்று மேசையைத் தட்டினார். தங்கச்சி திரும்பினாள். பெயர் சொல்லிக் கூப்பிட்டார். அதற்கும் திரும்பி மேசையைத்தான் பார்த்தாள். மிஸ் கருவியைக் கழற்றிப் புரட்டிப் பார்த்தார்.

"மூணு வருசம் போட்டதுங்கிறீங்க. ஒரு கீறல்கூட இல்லையே."

அம்மாவின் முகம் மலர்ந்தது. "பொத்திப் பொத்தி வச்சிருக்கோம் மிஸ். ஒரு சொட்டுத் தண்ணி பட விட்டதில்லைங்க."

மிஸ் கருவியைத் தங்கச்சியின் காதில் திரும்ப மாட்டினார். பிறகு அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"முழிச்சிருக்கிற நேரமெல்லாம் கேட்டுக்கிட்டே இருந்தாத்தாம்மா மூளை பேச்சப் பழகும். அதுக்குன்னு ஒரு வயசு இருக்கு. அதுல முக்காவாசி போயிருச்சு. இனி போட்டா சத்தம் கேக்கும். அது அவளுக்குப் பேச்சாப் புரியுமான்னு என்னால சொல்ல முடியாது."

திரும்பி வரும்போது இறம்பொடையில் மழை பிடித்துக்கொண்டது. பஸ் ஜன்னல் இடுக்கால் சாரல் அடித்தது. அம்மா கருவியைக் கழற்றவில்லை.

"நனையுதும்மா, கழட்டுங்க" என்றேன்.

அம்மா கேட்டதாகவே காட்டிக்கொள்ளவில்லை. முந்தானையால் தங்கச்சியின் தலையை மூடி, காதோரம் குனிந்து, "பாப்பா, அம்மா பேசுறேன்... அந்தா அருவி... தண்ணி பாரு பாப்பா" என்று வழிநெடுகப் பேசிக்கொண்டே வந்தாள். பேச்சுக்கு நடுவே அழுதாள்.

தங்கச்சி ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தாள். அம்மா இவ்வளவு கூப்பிட்டும் பதில் சொல்லாமல் இருக்கிறாளே, என்ன திமிர் இவளுக்கு என்று எனக்குக் கோபம் கோபமாக வந்தது.