முள் கயிறு வருமுன் ஒரு புழு வீடு

நெல் இலையை மடித்துப் புழு வீடு கட்டுவதை எங்கே பார்க்கலாம் என்று கேட்டவர்களுக்காக, 1962 ஐப்பசியில் நான் போன கதை. அப்போது செங்கல்பட்டில் ஓவிய ஆசிரியை. பள்ளிக் கண்காட்சிக்கு அந்தப் புழுவை நேரில் பார்த்து வரைய ஆசை. எங்கள் பியூனின் தங்கை முனியம்மாவுக்குத் திருப்புலிவனத்தில் அரைக்காணி நிலம். அதில் புழு ஏகமாக விழுந்திருந்தது. அவருக்கு வயிற்றெரிச்சல், எனக்குக் கொண்டாட்டம்.

காலை ஆறு மணி பஸ், டிக்கெட் முக்கால் ரூபாய். உத்திரமேரூரில் இறங்கி இரண்டரை மைல் நடை. சேற்றில் செருப்பு வேறு அறுந்தது.

முனியம்மா கயிற்றில் இலந்தை முள் கட்டிக்கொண்டிருந்தார். இரண்டு பேர் இரு முனையும் பிடித்துப் பயிரின் மேல் இழுத்தால் மடிப்புகள் பிரிந்து புழு தண்ணீரில் விழுந்து சாகும். அவர் நிலத்தில் தண்ணீர் நிற்காது. மடை அவர் பக்கம் திறந்திருப்பது நண்பகல் வரைதான். போன வருஷம் பாதி விளைச்சல் புழுவுக்கே போனதாம். கொழுந்தன் வரும்வரை வரைந்துகொள்ளச் சொன்னார்.

வரப்போரப் பயிரில் ஒரு பச்சைப் புழு. தலையை இப்படியும் அப்படியும் ஆட்டி, இலையின் இரு ஓரத்துக்கும் நூல் போட்டது. நூல் இறுக இறுக ஓரங்கள் நெருங்கின. எனக்கு மூச்சுவிடவே பயம். பாதி மூடியபோது பின்னால் குரல்.

"கொயுந்தன் ஜொரத்துல படுத்துக்கினு கீறான் டீச்சர். அந்த முனைய நீங்க புடிங்க."

இந்த ஒரு மூலையை மட்டும் விட்டுவிடலாமா என்று கெஞ்சினேன்.

"உட்டா மறுபடி பரவிடும். எனக்கு வேற நெலம் கெடையாது டீச்சர்."

மடையைப் பார்த்தேன். தண்ணீர் இளைத்துக்கொண்டிருந்தது. எரிச்சலோடுதான் கயிற்றைப் பிடித்தேன். அந்த மூலையைக் கடந்தபோது கையில் ஒரு சின்ன இழுப்புகூடத் தெரியவில்லை. திரும்பிப் பார்க்க மனசு வரவில்லை. கொக்குகள் வந்து இறங்கின.

போகிறவர்கள் காலையிலேயே போங்கள், வெறுங்காலோடு நடங்கள். முள் இழுக்கும் நாளை முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். கயிற்றை நீட்டினால் பிடித்துவிடுங்கள்.

தை மாதம் பியூன் ஒரு படி புது அரிசி கொண்டுவந்து கொடுத்தார், முனியம்மா கொடுத்தனுப்பியது. பொங்கிச் சாப்பிட்டேன். ருசியாக இருந்தது. அதுதான் என்னை என்னவோ செய்தது.