அறுபது தக்காளிச் செடியும் ஒரு மீசையும்

ஜெர்வாசியோ நாற்பத்தொரு வருஷம் முடிவெட்டும் கடை வைத்திருந்தவர். கடையைச் சாத்திவிட்டார், கை கேட்க வேண்டுமே! எதைப் பார்த்தாலும் அவருக்குத் தலையாகத்தான் தெரியும். பாதிரியார் வீட்டு வேலியோரம் அவர் நடந்து போனால் வேலியில் நாலு கிளை குறைந்திருக்கும். பாதிரியாரும் பாவமன்னிப்புக் கூண்டில் வைத்து இரண்டு முறை கண்டித்துப் பார்த்தார்.

வீட்டுக்குப் பின்னால் தக்காளித் தோட்டம். வெசூவியோ எரிமலையடியில் தக்காளி இல்லாத வீடு ஏது? இவருடையது நெட்டை ரகம், நீளக் காய். ஆளுயர நாணல் கழி நட்டு, கழிக்கு ஒரே தண்டு என்று ஏற்றிக் கட்டியிருப்பார். இலைக் கக்கத்தில் முளைக்கும் பக்கத் துளிர்களை வாரம் தவறாமல் கிள்ளிவிடுவார். விட்டால் செடி புதர் மண்டி, காய் சிறுத்துப் போகும். அந்தத் துளிர்களுக்கு ஊர் ஆண்கள் வைத்திருக்கும் பெயர் 'பெண்டுகள்'. சாறை உறிஞ்சுமாம், காய் தராதாம். பெயர் வைத்த மகராசன் ஒரு நாளாவது அடுப்படியில் நின்றிருப்பானா? சரி, அது கிடக்கட்டும்.

கிள்ளுவதற்கென்றே வலது கட்டைவிரல் நகத்தை வளர்த்து வைத்திருந்தார். அதைவிட அருமையாக வளர்த்தது மீசையை. மெழுகு தடவி இரண்டு பக்கமும் முறுக்கிய மீசை. காலையில் காப்பி ஆறினாலும் ஆறும், மீசை முறுக்காமல் வாசலைத் தாண்டமாட்டார்.

மனைவி ரக்கேலாவுக்கு ஒரே தங்கை, எர்சிலியா. அடுத்த வீடுதான், நடுவில் ஒரு மதில். அம்மா செத்த பிறகு அவளுடைய செப்பு அண்டா யாருக்கு என்று சண்டை வந்து, அக்காவும் தங்கையும் ஆறு வருஷம் முகம் பார்க்கவில்லை. ஆகஸ்டில் தக்காளிச் சாறு காய்ச்சி வருஷத்துக்கும் புட்டியில் அடைக்கிற நாளில் ஊரே கூடிச் சிரிக்கும். இவர்கள் மட்டும் மதிலுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாகத் தனித்தனியே புகைந்துகொண்டிருப்பார்கள். இந்த ஈஸ்டருக்குத்தான் எர்சிலியா ஒரு தட்டில் பலகாரத்தோடு வந்து நின்றாள். "இந்த வருஷம் ஒரே அண்டாவுல காய்ச்சுவோம்க்கா" என்றாள். ரக்கேலா அன்று முழுக்க அழுதுகொண்டே சமைத்தாள். சாப்பாட்டில் உப்புக் கரித்தது, யாரும் வாய் திறக்கவில்லை.

ஜூன் பாதியில் எர்சிலியா ஜெர்மனிக்கு ரயிலேறினாள். அங்கே கார் தொழிற்சாலையில் வேலை பார்க்கும் மகனுக்குக் குழந்தை பிறக்கப்போகிறது. திரும்ப ஆகஸ்ட் ஆகும். தோட்டத்துச் சாவியை ஜெர்வாசியோ கையில் கொடுத்தாள்.

"அத்தான், தண்ணி மட்டும் ஊத்துங்க. வேற ஒண்ணும் வேணாம்."

"அதென்ன, வேற என்ன பண்ணப்போறேன்?"

"உங்க கையைப் பத்தி ஊருக்கே தெரியும். நகத்தைப் பாக்கெட்டுக்குள்ள வச்சுக்கங்க."

அவள் போனதும் ரக்கேலா பிடித்துக்கொண்டாள். "இத பாருங்க, ஆறு வருஷம் கழிச்சு இப்பத்தான் எந்தங்கச்சி என்னை அக்கான்னு கூப்பிடுறா. உங்களால அதுல மண்ணு விழுந்துச்சு, அப்புறம் நீங்க பாதிரியார் வீட்டுலயே சாப்பிட்டுக்கங்க."

நாலு நாள் மனுஷன் தண்ணீர் மட்டும் ஊற்றினார். ஐயோ, அந்தத் தோட்டம்! அறுபது செடி, இடுப்பளவு கூட இல்லை, எல்லாம் பரட்டைத்தலை. ஒரு செடிக்கு ஆறு கிளை, ஏழு கிளை. கழி கிடையாது, கட்டுக் கிடையாது. ஐந்தாம் நாள் காலை, 'ஒரே ஒரு துளிர்' என்று கிள்ளினார். பக்கத்தில் இருந்தது கோணலாகத் தெரிந்தது. அதையும் கிள்ளினார். பிறகு அவருக்கே நினைவில்லை. கிளைகளில் பூவும் பிஞ்சும் இருந்ததைப் பார்த்தாரா என்றால், பார்த்தார். கை நிற்கவில்லை. மதியம் மணி அடிக்கும்போது அறுபது செடியும் ராணுவத்துக்குப் போகிற பையன்கள் மாதிரி ஒட்ட வெட்டி வரிசையாக நின்றன. ஜெர்வாசியோவுக்குக் கண்ணில் நீர் வந்தது. கடை மூடிய பிறகு அவ்வளவு சந்தோஷமாக அவர் இருந்ததே இல்லை.

தண்டு இனி மேலே ஏறும், கழி நட்டுக் கட்டலாம் என்று காத்திருந்தார். ஒரு வாரம், இரண்டு வாரம், மூன்று வாரம். ஏறவில்லை. உச்சியில் ஒரு பூங்கொத்தோடு அப்படியே நின்றுவிட்டது. ஒரு செடியின் நுனியை ஒடித்து எடுத்துக்கொண்டு விதைக்கடைச் சபாத்தோவிடம் ஓடினார். அவன் அதைப் பார்த்தான், இவரைப் பார்த்தான், மேசையில் தலையைக் கவிழ்த்துச் சிரித்தான்.

"இது குட்டை ரகம் பெரியவரே! நான்தான் எர்சிலியாவுக்கு விதை குடுத்தேன். இது தானா வளர்ந்து தானா நின்னுக்கும். காய் பூரா பக்கக்கிளையிலதான். இதைப் போய் யாராச்சும் கிள்ளுவாங்களா?"

"கிள்ளிட்டா?"

"கிள்ளிட்டா, கடையில வாங்கித்தான் சாறு காய்ச்சணும்."

ஜெர்வாசியோ அதைத்தான் செய்தார், சற்று வேறு மாதிரி. எர்சிலியா வருவதற்கு முந்தின நாள், பக்கத்து ஊர்ச் சந்தையில் உருண்டைத் தக்காளி நாலு கூடை வாங்கி, சைக்கிளில் கட்டிக்கொண்டு வந்தார். கறுப்பு நூல் ஒரு கண்டு. செடிக்கடியில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, ஒவ்வொரு தக்காளியாகக் காம்பைச் சுற்றித் தண்டில் கட்ட ஆரம்பித்தார்.

பன்னிரண்டாவது செடியில் இருக்கும்போது தலைக்கு மேல் ஒரு நிழல் விழுந்தது.

"என்ன பண்றீங்க?"

ஜெர்வாசியோ அண்ணாந்து பார்த்தார். கையில் தக்காளி, பல்லில் நூல். இத்தனை நாளும் சாவியை அவரிடமே விட்டிருந்த ரக்கேலா மொட்டைச் செடிகளை ஒரு முறை கண்ணால் அளந்தாள். கத்தப்போகிறாள் என்று அவர் தோளைக் குறுக்கிக்கொண்டார். அவளோ பொத்தென்று மண்ணில் உட்கார்ந்தாள்.

"பாவி மனுஷா... அவ இனி எம்மூஞ்சியில முழிக்கமாட்டா." பிறகு கையை நீட்டினாள். "நூலைக் குடுங்க. நீங்க கட்டுனது பூரா அவுந்து விழுது."

இருட்டும்வரை இருவரும் கட்டினார்கள்.

மறுநாள் எர்சிலியா பஸ்ஸை விட்டு இறங்கி, பெட்டியைக் கூட உள்ளே வைக்காமல் நேராகத் தோட்டத்துக்குப் போனாள். ஜெர்வாசியோ மீசையைத் தடவிக்கொண்டு பின்னால் வந்தார். ரக்கேலா மதிலோரமே நின்றுவிட்டாள்.

"என்ன அத்தான், செடி இளைச்சிருக்கு?"

"வெயிலு, எர்சிலியா. இந்த வருஷம் என்ன வெயிலு தெரியுமா!"

அவள் குனிந்து ஒரு தக்காளியைப் பறித்தாள். ஒரு முழம் நூலும் கூடவே வந்தது. இன்னொன்றைப் பறித்தாள், அதற்கும் வால் இருந்தது. முடிச்சைக் கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோய்ப் பார்த்தாள். இரட்டைச் சுற்று, நடுவில் ஒரு கண்ணி. சிறுமிகளாக இருந்தபோது அம்மா இருவருக்கும் சட்டைப் பொத்தான் தைக்கச் சொல்லிக் கொடுத்த முடிச்சு. ஊரில் வேறு யாருக்கும் அது வராது.

"அக்கா," என்றாள் எர்சிலியா. "இதெல்லாம் நீயா கட்டுன?"

"பாதிக்கு மேல," என்றாள் ரக்கேலா மதிலோரத்திலிருந்து. "நீ திரும்பவும் பேசாமப் போயிடுவியோன்னு பயமா இருந்துச்சு."

எர்சிலியா நூலைப் பிடித்துத் தூக்கினாள். தக்காளி அந்தரத்தில் ஆடியது. முதலில் அவள் தோள்தான் குலுங்கியது. அழுகிறாளா சிரிக்கிறாளா என்று ஜெர்வாசியோவுக்குப் புரிவதற்குள் மதிலோரத்திலும் அதே சத்தம். இரண்டு பேரும் ஒருவரையொருவர் பிடித்துக்கொண்டு, கண்ணைத் துடைத்துத் துடைத்துச் சிரித்தார்கள். ஜெர்வாசியோவும் தப்பித்தோம் என்று கூடச் சேர்ந்து சிரித்தார். அதுதான் அவர் செய்த தப்பு.

எர்சிலியா சிரிப்பை நிறுத்தினாள். "அக்கா, அத்தானோட கத்தரிக்கோல் எங்க இருக்கு?"

"அலமாரியில. இரு, எடுத்தாரேன்."

"ஏய், ரக்கேலா! நீ யாரு பக்கம்?"

"எந்தங்கச்சி பக்கம். ஒழுங்கா உட்காருங்க."

அக்கா தாடையைப் பிடித்துக்கொண்டாள், தங்கை வெட்டினாள். இடது பக்கம், பிறகு வலது பக்கம். மெழுகு தடவிய இரண்டு சுருளும் தக்காளிச் செடியடியில் விழுந்தன.

"அழாதீங்க அத்தான்," என்றாள் எர்சிலியா. "உங்களுது திரும்ப முளைச்சிரும். என் தக்காளி முளைக்குமா?"

அந்த ஆகஸ்டில் அம்மாவின் அண்டா இரண்டு வீட்டுக்கும் நடுவில் மதிலோரம் கொதித்தது. உள்ளே நீளத் தக்காளியும் சந்தைத் தக்காளியும் கலந்திருந்தன. அக்காவும் தங்கையும் பேசிய பேச்சில் ஜெர்வாசியோவுக்கு ஒரு வார்த்தை நுழைக்க இடமில்லை. அவர் வெறும் உதட்டைக் கையால் மறைத்துக்கொண்டு விறகு தள்ளினார். மூக்குக்குக் கீழே அவருக்குக் குளிர்ந்தது.