வளைவு தெரியாத வண்டி

ஏலக்காய்க் கடை வாசலில் அந்தக் கார் நின்ற விதம் இன்னும் என் கண்ணில் இருக்கிறது. பின்பக்கம் தாழ்ந்து, முன்பக்கம் உயர்ந்து, யாரோ அதன் தாடையைப் பிடித்துத் தூக்கிவிட்டது போல நிற்கும். எங்கள் கம்பம் ஊரில் அதைப் பார்த்துச் சிரிக்காதவர்கள் குறைவு. தினமும் அதில் ஏறி உட்கார்ந்தவன் நான் ஒருவன்தான் என்பதால் என்னையும் பார்த்துச் சிரித்தார்கள். எதிரில் ஆள் வந்தாலே ஓரமாக ஒதுங்கிப் போகிற எனக்கு அது பெரிய வேதனையாக இருந்தது.

பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்திவிட்டு அந்தக் கடையில் சேர்ந்தவன் நான். ஏலத்துக்கு யாரும் தனியாகப் போகக் கூடாது என்பது எங்கள் கடை வழக்கம். ஒருவர் விலை கேட்பார். பக்கத்தில் இருக்கும் இன்னொருவர் மாதிரிக் காயை உள்ளங்கையில் உருட்டிப் பார்த்து, எடுக்கலாமா வேண்டாமா என்பதைக் கண்ணாலேயே சொல்ல வேண்டும். வாயைத் திறந்தால் அடுத்த வியாபாரிக்குத் தெரிந்துவிடும். அதிகம் பேச்சு வராத எனக்கு அது பொருத்தமான வேலை. பல வருடங்கள் முதலாளிக்குப் பக்கத்தில் அப்படி உட்கார்ந்திருந்தேன். பிறகு ஒருநாள் அவருக்கு வலப்பக்கம் இழுத்துக்கொண்டது. கோயம்புத்தூரில் இருந்த மகனை வரச்சொல்லித் தகவல் போனது. கடைக்குச் செல்போன் வந்த புதிது அது.

சின்ன முதலாளி அங்கே ஒரு பட்டறையில் சேர்ந்து, நண்பர்களோடு பந்தயக் கார் ஒன்றைக் கட்டிக்கொண்டிருந்தார். இரண்டு கார்கள் அருகருகே நின்று நேர்கோட்டில் சீறுகிற பந்தயம் அது. சில நொடிகளில் முடிந்துவிடும், வளைவே கிடையாது. பாதி கட்டிய காரை நண்பர்களிடம் விட்டுவிட்டு, தன் பங்குக்கு வந்த சாமான்களைச் சாக்கில் கட்டிக்கொண்டு ஊர் திரும்பினார். வந்த மாதத்திலேயே அவற்றைக் கடைக் காரில் பொருத்திவிட்டார். முன்பக்கத்துக்கு வந்த ஷாக் அப்சர்பர், வண்டியை எடுத்த வேகத்தில் மூக்கைத் தூக்கிக் கொடுக்கும், இறக்குவதற்கு மட்டும் அவசரப்படாது. பாரமெல்லாம் பின்சக்கரத்தில் விழுந்தால்தான் பந்தயத்தில் பாய்ச்சல் கிடைக்குமாம். வளைவில் வண்டி சாயாமல் பிடிக்கிற முன்பக்கக் கம்பியை, வீண் கனம் என்று கழற்றிவிட்டார். கோம்பையிலிருந்து பண்ணைப்புரம் போகிற சாலையில் நேரான துண்டு ஒன்று உண்டு. அங்கே ஓட்டிப் பார்த்துவிட்டு, "பாத்தீகளாண்ணே, எப்படிப் பறக்குதுன்னு!" என்றார். அவர் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷத்தை அதற்கு முன் நான் பார்த்ததில்லை.

ஆனால் எங்கள் பிழைப்பு நேர்ச்சாலையில் இல்லை. மலைக்கு மேலே ஏலம் நடக்கும் இடத்துக்குக் கம்பம்மெட்டு வழியாக ஏறி இறங்க வேண்டும். கொண்டை ஊசி வளைவில் வண்டி ஒருபக்கமாகச் சாயும். திருப்பி முடித்து வேகம் கொடுத்ததும் மூக்கு மேலே போய்விடும், எதிரே சாலைக்குப் பதில் மரத்தின் உச்சி தெரியும். மூக்கு கீழே இறங்கும்வரை ஸ்டீயரிங் பிடிப்பில்லாமல் லேசாகிவிடும். ஓட்டுகிற சின்ன முதலாளியின் கைகள் அந்தப் பிடிப்பைத் தேடுவது போல அங்குமிங்கும் போவதை நான் பார்ப்பேன். கீழே கம்பத்தின் தென்னந்தோப்புகள் சின்னதாகத் தெரியும். திரும்பும்போது பின்னால் மூட்டைகள் ஏறியிருக்கும், இன்னும் மோசம். கதவின் மேல் உள்ள பிடியைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடிக்கொள்வேன். மற்ற ஆட்கள் ஆளுக்கொரு சாக்குச் சொல்லிக் கழன்றுகொண்டார்கள். காய் தரம் பிரிக்கும் பெண்கள், "என்னண்ணே, இன்னைக்கும் பிளேன் ஏறியாச்சா? வீட்ல சொல்லிட்டு வந்தீகளா?" என்று கேட்டுச் சிரிப்பார்கள். சின்ன முதலாளியோ என்னைத் தவிர யாருக்கும் அந்த வண்டியின் அருமை தெரியவில்லை என்று எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார். என் மௌனத்தை அவர் அப்படி எடுத்துக்கொண்டார். அதற்குப் பிறகு நான் எப்படி வாயைத் திறப்பது?

ஒருநாள் முதலாளி எங்கள் இருவரையும் வீட்டுக்கு வரச்சொன்னார். கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார்.

"ஏப்பா, நாளைக்கு ஏலத்துக்கு நானும் வாரேன். இப்படியே கெடந்தா கிறுக்குப் புடிச்சிரும். வண்டியப் பத்தி ஊரே பேசுறாக. தெனமும் போறவன் நீ. சொல்லு, நான் ஏறலாமா?"

"தாராளமா ஏறலாம் அத்தா," என்றார் மகன்.

"ஏலே, ஒன்னயவா கேட்டேன்? அவனக் கேட்டேன்."

நான் அவருடைய வலது கையைப் பார்த்தேன். விரிப்பின் மேல் வேறு யாருடையதோ போல அது கிடந்தது. வண்டி சாயும்போது பிடித்துக்கொள்ள எனக்கு இரண்டு கைகள் இருந்தன.

"வேணாம் முதலாளி," என்றேன். "வளைவுல வண்டி நம்ம கையில நிக்கல. எனக்குத் தெனமும் பயமாத்தான் இருக்கு."

முதலாளி மகனிடம், "கேட்டியாலே? இந்தக் கடைக்கு வந்து இத்தன வருசத்துல இவன் பேசுனதே இம்புட்டுத்தான். கழட்டு அம்புட்டையும்," என்றார்.

வெளியே வந்ததும் சின்ன முதலாளி கோபிப்பார் என்று நினைத்தேன். அவர் காரில் சாய்ந்து நின்றுகொண்டு சிரித்தார். அழுவதற்கு முன் வருகிற சிரிப்பு அது.

"எனக்கும் பயமாத்தாண்ணே இருந்துச்சு. மொத வளைவுலயே கை வேர்த்துரும்."

"பெறகு ஏன் தம்பி?"

"கழட்டிட்டா நானும் கடைக்காரன்தான்னு ஆயிரும்ல. என் கையால கழட்ட மனசு வரலண்ணே. நீங்க சொல்லுவீக, அத்தா வைவாக, அப்பக் கழட்டுவோம்னு பாத்துக்கிட்டே இருந்தேன். நீங்க வாயவே தெறக்கல."

நான் அவர் வண்டிக்குள் மாட்டிக்கொண்டதாக நினைத்துக்கொண்டிருந்தேன். அவர் என் மௌனத்துக்குள் மாட்டிக்கொண்டிருந்தார்.

அன்று மெக்கானிக்கைக் கூப்பிடாமல் அவரே கீழே படுத்துக் கழற்றினார். எல்லாவற்றையும் துடைத்துச் சாக்கில் கட்டிக் கோயம்புத்தூர் லாரியில் ஏற்றிவிட்டார். மறுநாள் முதலாளி பின்னால் உட்கார, கார் எல்லாக் காரையும் போல மெட்டு ஏறியது. முதலாளி வழியெல்லாம் மலையைப் பார்த்துப் பேசிக்கொண்டே வந்தார்.

"இப்பப் பயமில்லையேண்ணே?" என்று மகன் மெதுவாகக் கேட்டார்.

"இல்ல தம்பி."

"எனக்கும் இல்ல," என்றார். அதன் பிறகு ஏலம் முடியும்வரை அவர் என்னிடம் பேசவில்லை.

முதலாளி காலமாகிவிட்டார். இப்போது மகன்தான் முதலாளி. தாடி நரைத்துவிட்டது, காரும் பலமுறை மாறிவிட்டது. ஏலத்தில் அவர் விலை கேட்க, நான் இன்னும் பக்கத்தில் உட்கார்ந்து காய் பார்க்கிறேன். போன மாதம் ஒரு வேலையாக இருவரும் பண்ணைப்புரம் போனோம். கோம்பையைத் தாண்டிய நேர்ச்சாலையில் பின்னாலிருந்து ஒரு கார் பெரும் சத்தத்தோடு வந்தது. முதலாளி ஓரமாக ஒதுங்கி வழிவிட்டு, வண்டியை நிறுத்தினார். அது புள்ளியாகி மறைந்தது. சத்தம் மட்டும் கொஞ்ச நேரம் மலையடிவாரத்தில் கேட்டுக்கொண்டிருந்தது. அது முழுதாக அடங்கிய பிறகும் அவர் வண்டியை எடுக்கவில்லை. போகலாம் என்று நானும் சொல்லவில்லை.