ஆணித்தொப்பி ரூமில் மூன்று வருஷம்

"அந்தப் பொண்ணா? தொப்பிக்குள்ள மூக்க வுட்டு மோந்து பாக்குமே, அதானே?"

பெரியபாளையம் வழியாகக் கும்மிடிப்பூண்டி போகும் பஸ்ஸில், எனக்கு முன் ஸீட்டில் இரண்டு பெண்கள் பேசிக்கொண்டது இது. நான் பின்னாலேயே உட்கார்ந்திருப்பது அவர்களுக்குத் தெரியாது. தெரிந்துவிடப் போகிறதே என்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். ஆனால் அவர்கள் சொன்னதில் தப்பில்லை. ஜெர்மன்காரர்களின் பழைய ராணுவத் தொப்பியைச் சோதிக்கிற தொழிலில் முதல் வேலை மூக்குக்குத்தான். அறுபது வருஷத்துத் தோலுக்கு ஒரு வாசனை உண்டு. சினிமாவுக்குச் செய்த அட்டைத் தொப்பியில் பசை வாசனை அடிக்கும்.

பி.ஏ. சரித்திரம் படித்துவிட்டு, பழைய இரும்பை உருக்கும் மில்லில் டைப்பிஸ்ட்டாகச் சேர்ந்தேன். ஒரு நாள் துறைமுகத்திலிருந்து வந்த இரும்புக் குப்பையில், உச்சியில் ஆணி வைத்த தொப்பி ஒன்று கிடந்தது. அன்றிலிருந்து எங்கள் மானேஜர் சாருக்குப் பித்துப் பிடித்தது. எங்கெங்கோ தேடி வாங்கினார். ஆபீஸை ஒட்டிய அறையில் அடுக்கினார். மில்லில் எல்லோரும் அதை 'ஆணித்தொப்பி ரூம்' என்றார்கள். என் கையில் ஒரு பூதக்கண்ணாடி வந்து சேர்ந்தது. படித்த படிப்புக்கும் பார்க்கிற வேலைக்கும் சம்பந்தமில்லாமல் திண்டாடியவர்களுக்கு என் நிலைமை புரியும். அந்த ரூமில் ஒரு வீட்டுக் கல்யாணமே தொங்கலில் நின்றதையும் சொல்லத்தான் போகிறேன்.

எல்லாம் எம்டன்

சார் தொப்பி வாங்குகிறார் என்று தெரிந்ததும் ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். தொப்பி எப்படிக் கிடைத்தது என்று கேட்டு எழுதிக்கொள்வது என் வேலை. முதலில் வந்தவர், முதல் உலகப் போரில் சென்னை மேல் குண்டு போட்ட எம்டன் என்ற ஜெர்மன் கப்பலிலிருந்து விழுந்து மிதந்து வந்தது என்றார். இரண்டாவது ஆளும் எம்டன்தான். பள்ளிப்பட்டிலிருந்து வந்த மூன்றாவது ஆளும் எம்டன் என்றார். பள்ளிப்பட்டுக்கும் கடலுக்கும் எத்தனை தூரம் என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை.

கப்பல்காரர்கள் ஆணித்தொப்பி போடவே மாட்டார்கள், அவர்களுக்குத் துணித்தொப்பிதான். அதையும் நான் சொல்லவில்லை. 'எம்டன் என்கிறார்' என்று மட்டும் எழுதிக்கொண்டேன். வாசலில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்த வாட்ச்மேன் முனுசாமி அண்ணன்தான் கடைசியில் சொன்னார்: "குண்டு போட வந்தானா, தொப்பி யாவாரத்துக்கு வந்தானா, இன்னாமா இது?"

ஆயுத பூஜை

பூஜைக்கு முதல் நாள் நான் லீவு. மறுநாள் வந்து பார்த்தால் ஆணித்தொப்பி ரூம் பளபளவென்று மின்னிக்கொண்டிருந்தது. கூட்டிப் பெருக்கும் சரோஜா அக்கா, தொப்பிகளின் முன்பக்கத்திலிருந்த பித்தளைக் கழுகுகளை எல்லாம் புளி போட்டுத் தேய்த்துவிட்டார். அவற்றில் இரண்டின் மேல் தங்க முலாம் இருந்தது. இருந்தது என்றுதான் சொல்ல வேண்டும். ஒவ்வொரு ஆணிக்கும் சந்தனம், குங்குமம். உச்சியில் ஒரு சாமந்திப் பூ.

சார் வந்தார். பார்த்தார். நாற்காலியைத் தடவிப் பிடித்து உட்கார்ந்தார். சரோஜா அக்கா பூரித்துப்போய் என் காதில் சொன்னார்: "பாத்தியா, சாருக்குப் பேச்சே வரல. இம்மாம் நாளா ஒருத்தர்கூட தேய்க்கல போல!"

ராஜபார்ட்

கன்னியம்மா பழவேற்காட்டிலிருந்து வந்தார். மீன் விற்கிறவர். ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். கூடைக்குள் பழைய சேலையில் சுற்றி ஒரு ஆணித்தொப்பி.

"விக்கிறதுக்கு வரல சார். எங்க நைனா ஜெர்மன் சண்டைக்குப் போய்ட்டு வரச்ச கொண்டாந்துச்சு. இது சண்டத் தொப்பிதான்னு ஒரு சீட்டு எழுதிக் குடு. அது போதும்."

மகளுக்கு மாப்பிள்ளை பேசியிருந்தார்கள். பேச்சு நடக்கும்போது நைனா சண்டைக்குப் போனதைக் கன்னியம்மா கொஞ்சம் பெருமையாகச் சொல்லிவிட்டார். உடனே மாப்பிள்ளையின் பெரியப்பா நாலு பேர் எதிரில், "உங்கப்பன் எந்தச் சண்டைக்குப் போனான்? நாடகக் கொட்டாயில திர இழுத்துக்கினு இருந்தான். அது ராஜபார்ட் தொப்பி. பொய் சொல்ற ஊட்ல பொண்ணு எடுக்க மாட்டோம்" என்று எழுந்துவிட்டாராம். வெள்ளிக்கிழமை பூ வைக்க அவர்கள் வர வேண்டும். தொப்பி நிஜம் என்று தெரிந்தால்தான் வருவார்கள்.

சார் தொப்பியை வாங்கி முகர்ந்தார். கட்டைவிரலால் அழுத்தினார். விரல் அமுங்கியது. "தோல் இல்லையேம்மா. கம்பளியை அழுத்திச் செஞ்சிருக்கு. கழுகுகூட பித்தளை இல்லை, வெறும் தகரம். நாடகத் தொப்பிதான்."

கன்னியம்மா அழவில்லை. தொப்பியை மறுபடி சேலையில் சுற்றிக் கூடைக்குள் வைத்தார். "நீயும் அதயே சொல்ட்டியா சார்" என்றார்.

அரைத் திருகல்

சாரிடம் ஒரு தடித்த இங்கிலீஷ் புத்தகம் இருந்தது, மூர் மார்க்கெட்டில் வாங்கியது. மற்றவர்களோடு உட்கார்ந்து சாப்பிடக் கூச்சப்பட்டு, மத்தியானங்களில் அதை முழுக்கப் படித்திருந்தேன். சண்டை நீண்டு தோலுக்குத் தட்டுப்பாடு வந்தபோது கம்பளியில் தொப்பி செய்தார்கள், பித்தளை கிடைக்காமல் தகரம் போட்டார்கள் என்று கடைசியில் இருந்தது.

சார் ஏதாவது தப்பாகச் சொன்னால் நான் வாயால் திருத்த மாட்டேன். ஒரு தாளில் டைப் அடித்து அவர் மேஜையில் வைத்துவிட்டு வந்துவிடுவேன். அன்றும் டைப்ரைட்டரில் தாளைச் செருகினேன். ஜன்னல் வழியாகப் பார்த்தால் கன்னியம்மா கேட்டைத் தாண்டிக்கொண்டிருந்தார். எழுந்து ஓடினேன்.

"கொஞ்சம் குடுங்கம்மா" என்று தொப்பியை வாங்கி, ஆணியை முந்தானையால் பிடித்துத் திருகினேன். துரு. அசையவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு இன்னொரு தரம் திருகினேன். அரைச் சுற்று சுற்றி ஆணி கையோடு வந்துவிட்டது.

"அடிப்பாவி, ஒடச்சிட்டியேமே!" என்று கன்னியம்மா போட்ட சத்தத்தில் முனுசாமி அண்ணன் ஓடி வந்தார். சாரும் வந்துவிட்டார்.

ஆணியை மாட்டினேன். கழற்றினேன். மறுபடி மாட்டினேன். "கழட்டி மாட்டத்தான் சார் செஞ்சிருக்காங்க. குழியில ஒளிஞ்சிருக்கறப்போ ஆணி வெளியில தெரிஞ்சா சுட்டுடுவாங்கன்னு, சண்டை நேரத்துல இப்படி மாத்தினாங்க. கம்பளியும் தகரமும் அப்போ வந்ததுதான். நாடகத்துல ராஜா எதுக்கு சார் ஆணியைக் கழட்டணும்?"

மூன்று வருஷத்தில் நான் சாரிடம் சேர்ந்தாற்போல் பேசியது அவ்வளவுதான். சார் வாங்கித் தானே மூன்று முறை திருகிப் பார்த்தார்.

"எங்க போட்டிருக்கு இது?"

"புத்தகத்துல, கடைசிப் பக்கங்கள்ல சார்."

"நான் கலர்ப் படம் முடிஞ்சதும் மூடிட்டேன்" என்றார் சார்.

மில்லின் பெயர் அச்சடித்த தாளில் டைப் அடித்தேன். இது சண்டைக் காலத்தில் ஜெர்மன் ராணுவத்துக்குச் செய்த தொப்பி, நாடகத் தொப்பி அல்ல. பக்கத்தில் நின்ற கன்னியம்மா, "எங்க நைனா சண்டைக்குப் போச்சின்னும் போடு பாப்பா" என்றார்.

என் விரல் நின்றுவிட்டது. "அது தொப்பியைப் பாத்துச் சொல்ல முடியாதேம்மா" என்றேன்.

கன்னியம்மா தாளை எட்டிப் பார்த்தார். "செரி, வுடு. அது எனக்குத் தெரியும். நீ தொப்பிய பத்தி மட்டும் போடு" என்றார். சார் கையெழுத்துப் போட்டதும், "சீல் ரெண்டா குத்து சார்" என்று கேட்டு வாங்கிக்கொண்டார்.

கன்னியம்மா சீட்டை நாலாக மடித்து இடுப்பில் செருகினார். கொண்டையை அவிழ்த்துத் தாழ்வாக முடிந்துகொண்டார். காலிக் கூடையைக் கையில் மாட்டிக்கொண்டு, ஆணித்தொப்பியைத் தன் தலையில் வைத்து அழுத்தி, லாரிகள் போகிற ஜி.என்.டி. ரோட்டில் இறங்கி பஸ் ஸ்டாண்டைப் பார்த்து நடந்தார்.