பால் விடாத கோப்பை

அண்ணிக்குத் தேநீர் ஊற்றும்போது கவனமாக இருக்க வேண்டும். பால் டின்னை அவர் பக்கம் லேசாகச் சாய்த்தால் போதும், பேச்சை நிறுத்தாமலே உள்ளங்கையால் கோப்பையை மூடிவிடுவார். ஜொகூரில், காஹாங் பக்கத்துச் செம்பனைத் தோட்டத்தில் அண்ணனும் அவரும் குடியிருந்த வீட்டில்தான் அந்தக் கையை முதலில் கவனித்தேன். நீல விளிம்பு வைத்த தகரக் கோப்பை, அதன் மேல் தோட்டத்துக் களைக்கு மருந்தடித்து மருந்தடித்து வெடித்துப்போன விரல்கள். ஆவி பட்டுச் சிவந்தாலும் கையை எடுக்க மாட்டார். பால் விடாத தே ஓவிலேயே உயிர் வாழும் ஒரே மனுஷி நீங்கதான் அண்ணி என்று கேலி செய்வேன். அவரும் சிரிப்பார்.

அவருக்கு இரண்டு முறை கரு கலைந்திருந்தது. மூன்றாவது தங்கியதும் தோட்டத்து முருகன் கோயிலில் வேண்டிக்கொண்டார். பிள்ளை பிறந்து, தன் காலால் நடந்து சன்னதிக்கு வரும்வரை மீன், இறைச்சி, முட்டை எதையும் தொடுவதில்லை. பாலும் கிடையாது. பிள்ளை நடந்து வரும் அன்று பால்குடம் எடுப்பார், அதுவரை பால் முருகனுக்கு மட்டும்தான். மற்றவர்களுக்குத் தைப்பூசம் வந்தால் சில வாரங்கள் சைவம், அண்ணிக்கு வருஷம் முழுக்கத் தைப்பூசம். சோறு, பருப்புத் தண்ணீர், கால்வாயோரம் பறித்த கங்கோங் கீரை. கிளினிக்கில் கொடுத்த சத்து மாத்திரையைப் போட்டால் சிறுநீர் மஞ்சளாகப் போகிறது, அது சூடு, வயிற்றுப் பிள்ளைக்கு ஆகாது என்று அக்கம்பக்கத்துப் பெண்கள் சொன்னார்கள். அதையும் நிறுத்திவிட்டார். அந்த மஞ்சள், மாத்திரையில் இருக்கும் சத்தின் நிறம்தான் என்று எங்களில் யாருக்குத் தெரியும்.

பையன் பிறந்தான். நன்றாகத்தான் பிறந்தான். ஜொகூர் பாரு தொழிற்சாலையில் லீவு கிடைக்கும்போதெல்லாம் அவனைப் பார்க்க ஓடுவேன். முகத்தருகே குனிந்தால் பொக்கை வாயைத் திறந்து சிரிப்பான். தாய்ப்பாலைத் தவிர வேறு எதுவும் கொடுப்பதில்லை என்று அண்ணிக்கு அவ்வளவு பெருமை. பிறகு ஒரு தடவை போனபோது அவன் சிரிக்கவில்லை. கிலுகிலுப்பையை ஆட்டினேன், திரும்பவில்லை. அழவும் இல்லை. தங்கமான பிள்ளை, சத்தமே போடுவதில்லை என்று எல்லோரும் மெச்சினார்கள். நானும் மெச்சினேன். தூக்கினால் ஈரத் துணி போலத் தோளில் கிடந்தான். கை மட்டும் மெல்ல நடுங்கிக்கொண்டே இருந்தது.

டவுன் ஆஸ்பத்திரியில் ஒரு மலாய் டாக்டரம்மா அவனைப் பார்த்துவிட்டு, அண்ணியின் நாக்கை நீட்டச் சொன்னார். வழவழவென்று சிவந்திருந்தது. பாதம் மரத்துப்போகிறதா என்று கேட்டார். ஆமாம், மருந்தடிக்கிற வேலையில் அப்படித்தான் இருக்கும் என்றார் அண்ணி. இரத்தம் எடுத்தார்கள். முடிவு வந்த அன்று டாக்டர் சொன்னதை நான் தமிழில் சொல்ல வேண்டியிருந்தது. சந்தைக்குப் போதுமான மலாய் அண்ணிக்கு உண்டு, இதற்குப் போதாது. மீன், முட்டை, பால் மாதிரியானவற்றில் இருக்கும் பி பன்னிரண்டு என்ற சத்து தாயின் உடம்பில் இல்லை, அதனால் தாய்ப்பாலிலும் இல்லை, அது இல்லாமல் பிள்ளையின் மூளையும் நரம்பும் வளர முடியாது. இவ்வளவுதான்.

அண்ணி என் முகத்தையே பார்த்தார். "அப்போ, நான் கும்புட்டதுதான் இவன இப்படி ஆக்கிருச்சா?"

என்ன கேட்கிறார் என்று டாக்டர் விசாரித்தார். சொன்னேன். அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, இது யாருடைய தப்பும் இல்லை என்று சொல்லுங்கள் என்றார். அதையும் தமிழில் சொன்னேன். அண்ணியின் காதில் அது ஏறியதாகத் தெரியவில்லை.

ஊசி போட்டார்கள். சில நாட்களில் பையன் தலையைத் திருப்பினான், பிறகு சிரித்தான். எல்லாம் சரியாகிவிட்டது என்று நாங்கள் துள்ளினோம். ஆனால் போனதெல்லாம் திரும்பி வரவில்லை. அவன் வயதுப் பிள்ளைகள் ஓடியபோது அவன் தவழ்ந்தான். அவர்கள் கதை சொன்னபோது அவன் 'ம்மா' என்றான். கெஞ்சிப் பார்த்தோம், போதும் அண்ணி, விரதத்தை விடுங்கள் என்று. முருகன் ஒன்றும் நினைத்துக்கொள்ள மாட்டார் என்று கோயில் ஐயரே சொல்லிவிட்டார்.

"ஊசியும் போட்டுக்கிறேன், மாத்திரையும் சாப்புடுறேன், டாக்டர் சொன்னது எதயும் விடல. சாமிகிட்ட சொன்னத மட்டும் பாதியில விட்டு, இவன் நடக்காமலே போயிட்டா? நீ பதில் சொல்வியா?"

எனக்கு அவர் மேல் கோபம்தான் வந்தது. நடப்பானா என்று டாக்டர்களாலேயே சொல்ல முடியாததை நான் எப்படிச் சொல்வது? அவன் நடக்கும்வரை விரதம் என்றார் அண்ணி. அவன் நடக்காததற்கே அந்த விரதம்தான் காரணம். இந்த வட்டத்துக்குள் எந்தப் பக்கம் கை விட்டு அவரை வெளியே இழுப்பது என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை.

இப்போது பண்டார் தெங்காரா டவுனில் சிறிய வீடு ஒன்றில் இருக்கிறார்கள். பையனுக்கு ஆறு வயது, இன்னும் நடக்கவில்லை. போன மாதம் போயிருந்தபோது நான்தான் தேநீர் கலக்கினேன். அண்ணி அவனை மடியில் வைத்து முழங்காலுக்கு எண்ணெய் நீவிக்கொண்டிருந்தார். எனக்கும் அண்ணனுக்கும் பால் ஊற்றிவிட்டு, ஏதோ நினைப்பில் டின்னை அந்த நீல விளிம்புக் கோப்பையின் பக்கம் கொண்டுபோனேன்.

அண்ணியின் இரண்டு கையிலும் எண்ணெய். அவர் வாயைத் திறப்பதற்குள் பையன் மடியிலிருந்து எட்டி, தன் நடுங்கும் உள்ளங்கையால் கோப்பையை மூடினான். ஆவி சுட்டிருக்கும். எடுக்கவில்லை.

"பாத்தியா," என்றார் அண்ணி, முகமெல்லாம் சிரிப்பாக. "இவனுக்கு ஒண்ணும் புரியலன்னு டாக்டருங்க சொன்னாங்க லா. எல்லாம் புரியுது என் புள்ளைக்கு."